லட்சம் கிலோமீட்டர் என்னும் பூச்சாண்டி

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவருக்கு நம் ஊரில் ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. சித்தப்பா சொல்வார், ஆபீஸ் நண்பர் சொல்வார், எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டு நிறுத்திச் சொல்வார். எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "லட்சம் தாண்டின வண்டியைத் தொடாதே." அதையும் மீறி ஒருவர் வாங்கிவிட்டால் அடுத்த ஆலோசனை தயாராக இருக்கும்: "சரி, வாங்கினது வாங்கிட்டே. மொதல்ல எல்லாத்தையும் மாத்திடு."

இரண்டும் ஒரே நம்பிக்கையில் பிறந்தவை. கார் மொத்தமாகத் தேய்கிறது, அந்தத் தேய்மானத்துக்கு மீட்டரில் தெரியும் எண்தான் அளவு என்கிற நம்பிக்கை. இது தவறு. தவறு என்பதோடு, முதல்முறையாகக் கார் வாங்கும் குடும்பங்களின் சேமிப்பைக் கரைக்கிற தவறு. லட்சம் தாண்டிய காரை வாங்கியவர்களில் பலர் நொந்துபோவது உண்மைதான். ஆனால் அவர்கள் பணம் எங்கே போனது என்று பில்லைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். கோளாறு எது என்று கண்டுபிடிக்காமலேயே கழற்றி மாட்டிய பாகங்களுக்குத்தான் அதில் பெரும்பகுதி போயிருக்கும்.

லட்சம் என்ற எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். அது அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்துக் கணக்கு. அந்தக் கால மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். என்ஜின்களும் அதற்கேற்ப இருந்தன. கார்புரேட்டர் வண்டியில் காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். ஆயில் இல்லாத சுவரில் பிஸ்டன் ரிங் உரசும். இது தினமும் நடந்தால் போரிங், ரிங் மாற்றுதல் எல்லாம் சீக்கிரம் வரத்தான் செய்யும். பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் முறை வந்த பிறகு அந்தத் தேய்மானத்தின் முக்கியமான காரணம் போய்விட்டது. ஆயிலின் தரம் உயர்ந்தது, ஃபில்டர்கள் மேம்பட்டன, சிலிண்டரைக் கடையும் துல்லியம் கூடியது. என்ஜின் மாறிவிட்டது, எல்லைக்கோடு மட்டும் அப்பா காலத்திலேயே நிற்கிறது.

இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். நம் ஊர் டிராவல்ஸ் இன்னோவாக்களைப் பாருங்கள். மூன்று லட்சம், நான்கு லட்சம் ஓடியவை வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் ஆளேற்றிக்கொண்டு போய் வருகின்றன. உலகச் சாட்சி வேண்டுமென்றால் கிரீஸ் நாட்டு டாக்சி ஓட்டுநர் கிரெகோரியோஸ் சசினிடிஸ் இருக்கிறார். 1976ஆம் ஆண்டு மாடல் மெர்சிடிஸ் 240 டி ஒன்றை அவர் வாங்கியபோதே அது பழைய கார். ஏற்கெனவே 2,20,000 கி.மீ. ஓடியிருந்தது. நம் சித்தப்பாக்கள் தொடாதே என்றிருப்பார்கள். அவர் அதை டாக்சியாக ஓட்டி 46 லட்சம் கி.மீ. வரை கொண்டுபோனார். 2004இல் அந்தக் கார் மெர்சிடிஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது. என்ஜினைத் தொடாமல் அவ்வளவு தூரம் ஓட்டினார் என்று நான் சொல்லவில்லை. என்ஜின் பலமுறை கழற்றிச் செப்பனிடப்பட்டது. என் வாதத்துக்கு அதுவே வலு. எந்தப் பாகம் தேய்ந்ததோ அதைச் சரிசெய்தால் மிச்சக் கார் ஓடும்.

இனி, கிலோமீட்டர் என்ற அளவையே எடுத்துக்கொள்வோம். ஊருக்குள் மட்டும் ஓடும் ஒரு கார், சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரியாக 20 கி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 கி.மீ. ஓடி முடிக்க அதன் என்ஜின் 2,500 மணி நேரம் வேலை செய்திருக்கும். இன்னொரு கார் சென்னைக்கும் கோவைக்குமாகப் போய்வந்து, மணிக்கு 60 கி.மீ. சராசரியில் 1,50,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதன் என்ஜின் வேலை செய்ததும் அதே 2,500 மணி நேரம்தான். முதல் காரில் கிளட்ச் மிதித்த தடவைகள் பல மடங்கு. பிரேக் பிடித்ததும் பல மடங்கு. என்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைக்கப்பட்டதும் பல மடங்கு. ஆனால் விளம்பரத்தில் "50,000 மட்டுமே" என்று போட்டு அதற்குத்தான் விலை அதிகம். டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஜெனரேட்டருக்கும் மணிக்கணக்கைத்தான் பார்க்கிறோம். கார் என்று வந்ததும் அந்த அறிவை எங்கோ வைத்துவிடுகிறோம்.

குறைவாக ஓடிய கார் என்பது நன்றாக இருக்கும் கார் என்பதும் பொய். நாலு கிலோமீட்டரில் பள்ளிக்கூடம், ரெண்டு கிலோமீட்டரில் மார்க்கெட் என்று மட்டுமே ஓடிய என்ஜினின் ஆயிலில் எரிபொருளும் ஈரமும் கலந்துகொண்டே போகும். அவற்றை ஆவியாக்கும் அளவுக்கு அது சூடாவதே இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைத்தூளைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும். டயர் ஓடாமலே வயதாகும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் ஹோஸ், புஷ், பேட்டரி எல்லாம் அப்படித்தான். இதற்கெல்லாம் மேலே வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் கி.மீ. கூட ஓடாத கார்கள் அவற்றில் எத்தனை இருந்திருக்கும்! சீட்டுக்கு அடியில் வண்டல், வயரிங் கனெக்டரில் பச்சைக் களிம்பு. அதைத் துடைத்து, செண்ட் அடித்து, குறைந்த கிலோமீட்டர் என்று விற்றால் வாங்க வரிசையில் ஆள் நிற்கிறது. லட்சத்தைக் கண்டு அஞ்சுபவர்தான் அந்த வரிசையில் முதல் ஆள்.

இந்தப் பயம் ஒரு மோசடியையும் சேர்த்து வளர்த்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது இன்று சிறிய வேலை. லேப்டாப்பை மாட்டி 1,40,000ஐ 62,000 ஆக்கிவிடுகிறார்கள். ஏன் செய்கிறார்கள்? வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான் என்பதால். 1,40,000 என்று உண்மையைச் சொல்லி, ஒவ்வொரு ஆயில் சர்வீஸ் பில்லையும் கோப்பில் வைத்திருக்கிற ஆளின் காரை ஒதுக்கிவிட்டு, 62,000 என்று பொய் சொல்கிறவனிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். உண்மைக்குத் தண்டனை, பொய்க்குப் பரிசு. மீட்டர் குறைப்பவர்களைத் திட்டுகிறோம். அவர்களுக்குத் தொழில் கொடுப்பது நம்முடைய முதல் கேள்விதான்.

எண்ணைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? ஆயில் எப்போதெல்லாம் மாறியது என்று கேளுங்கள். மாருதி, டாடா, ஃபியட் மூன்றுமே பயன்படுத்திய 1,248 சிசி டீசல் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கார்களில் ஓடியது. அதில் டைமிங் செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பதும் உராயாமல் காப்பதும் ஆயில்தான். ஆயிலை நேரத்துக்கு மாற்றிய வண்டி ஒன்றரை லட்சத்திலும் சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும். மாற்றாத வண்டியில் அதற்கு வெகுமுன்பே, காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் கரகரக்கும். ஒரே என்ஜின்தான்; விதியை முடிவுசெய்தது ஆயில்.

சரி, காரை வாங்கியாகிவிட்டது. இப்போதுதான் இரண்டாவது ஆலோசனை வருகிறது: எல்லாத்தையும் மாத்திடு. முதலாவதைவிட இதுதான் அதிகச் சேதம் செய்வது. அது எப்படி நடக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு பெட்ரோல் செடானைச் சொல்கிறேன்.

வாங்கிய சில வாரத்தில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஐடிலில் வண்டி லேசாக உதறியது. ஸ்கேனர் போட்டார்கள். பி 0171 என்ற ஃபால்ட் கோடு வந்தது. காற்றுக்கேற்ற பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு" என்று மாற்றினார்கள். விளக்கு அணைந்து மூன்றாம் நாள் மறுபடி எரிந்தது. பிளக், காயில் மாற்றினார்கள். மறுபடி எரிந்தது. அடுத்து பெட்ரோல் பம்ப் என்றார்கள். "லட்சத்து அறுபதாயிரம் ஓடின வண்டி சார், ஒண்ணு மாத்தினா ஒண்ணு வரத்தான் செய்யும்" என்ற சமாதானம் ஒவ்வொரு பில்லோடும் வந்தது.

அந்தச் சமாதானத்தில் துளிகூட உண்மை இல்லை. ஆக்சிஜன் சென்சார் செய்த குற்றம் என்ன? பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற கணக்கு பிசகுகிறது என்று அது சரியாகச் சொன்னது, அவ்வளவுதான். கரண்ட் பில் கூட வந்தால் மீட்டரைக் கழற்றி வீசுகிற வேலை இது. கோடு என்பது விசாரணையின் தொடக்கம். அதற்கடுத்துப் பார்க்க வேண்டியது அதே ஸ்கேனரில் அடுத்த பக்கத்தில் இருந்தது: ஃப்யூயல் டிரிம். என்ஜின் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும் எண் அது. நல்ல வண்டியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், கூடவோ குறையவோ பத்துக்குள் இருக்கும். இந்த வண்டியில் ஐடிலில் 24. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது 4.

இந்த இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் அதிக ஆர்பிஎம்மில், ஏற்றத்தில், பெட்ரோல் நிறையத் தேவைப்படும்போது பற்றாக்குறை கூட வேண்டும். இங்கே குறைகிறது. ஐடிலில் மட்டும் கூடுகிறது என்றால், அளவெடுக்கும் சென்சாரைத் தாண்டி எங்கோ சிறிய ஓட்டை வழியாகக் காற்று கணக்கில் வராமல் நுழைகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அந்தச் சிறு ஓட்டை அப்போது பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்றில் அது கரைந்துவிடுகிறது. தேடியபோது, கிராங்க்கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. விரலால் அழுத்தி மூடியதும் உதறல் நின்றது. திரையில் 24 இறங்கத் தொடங்கியது. ஹோஸின் விலை, மாற்றிய சென்சாரின் விலையில் ஒரு சிறு துண்டு. அந்த ரப்பர் வெடித்தது வயதாலும் சூட்டாலும். அது முப்பதாயிரம் ஓடிய காரிலும் வெடிக்கும்.

இதேபோல இன்னொன்று. "செல்ஃப் மெதுவா சுத்துது" என்றால் நம் ஊரில் வரிசை எழுதிவைத்தது போல: முதலில் பேட்டரி, பிறகு செல்ஃப் மோட்டார், பிறகு ஆல்டர்னேட்டர். மூன்றும் மாறிய பிறகும் மெதுவாகவே சுற்றும் வண்டிகள் உண்டு. சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. ஓடும்போது 14க்கு முன்பின் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் காட்டினால் பேட்டரியிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் வயரில் துரு. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் முடிந்தது. இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் மூன்று பாகங்கள் வாங்கப்படுகின்றன.

டீசலுக்கு வருவோம். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. ஓட்டி நிறுத்தி, சூடாக இருக்கும்போது எடுக்க மறுக்கிறது. "ஹை பிரஷர் பம்ப் போச்சு" என்பார்கள். அதன் விலையைக் கேட்டால் காரையே விற்றுவிடலாமா என்று தோன்றும். காமன் ரெயில் டீசலில் ரெயிலுக்குள் சுமார் 200 பார் அழுத்தமாவது ஏறினால்தான் இன்ஜெக்டர்கள் தெளிக்கும். அழுத்தம் ஏறாததற்குப் பம்ப் காரணமாக இருக்கலாம். ஏற்றிய அழுத்தத்தை ஏதோ ஓர் இன்ஜெக்டர் திரும்பும் வழியில் ஒழுகவிடுவதும் காரணமாக இருக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால் ஒழுகல் கூடும். அதனால்தான் சூட்டில் மட்டும் தகராறு. பிரித்தறியும் வழி எளியது. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு என்ஜினை ஓடவிட வேண்டும். மூன்று பாட்டில்களில் விரற்கடை உயரம் நிற்க, நான்காவது மளமளவென்று நிரம்பினால் குற்றவாளி அதுதான். ஒரு இன்ஜெக்டரை டீசல் பம்ப் லேபுக்கு அனுப்பினால் போதும். பம்ப்பைத் தொட வேண்டியதே இல்லை.

"ஆயில் குடிக்குது, என்ஜின் வேலை வந்துடுச்சு" என்ற தீர்ப்பும் இப்படித்தான் அவசரமாக எழுதப்படுகிறது. ஆயில் மூடியைத் திறந்து புகை வந்தால் ஹாஃப் என்ஜின் வேலை என்று சொல்லிவிடுகிறார்கள். ஆவி வெளியேறும் வால்வு அடைத்திருந்தாலும் அதே புகை வரும். இரவு நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங் மீது சந்தேகம். பெட்ரோல் என்ஜினில் சந்தேகத்தைத் தீர்க்க கம்ப்ரெஷன் சோதனை இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் கோளாறு வேறிடத்தில். வால்வு சீல் மாற்றுவதற்கும் என்ஜினை இறக்குவதற்கும் உள்ள செலவு வித்தியாசம் எவ்வளவு என்று யாரையும் கேட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது ஒரு ஸ்பூன் ஆயில்.

இங்கே நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பழைய காரின் வரலாறு தெரியாதபோது சிலவற்றைக் கேள்வி கேட்காமல் மாற்றத்தானே வேண்டும் என்பார்கள். வேண்டும். ஆனால் அது ரிப்பேர் அல்ல, பராமரிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினை. என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஆயில் ஆகியவற்றுக்கு ஆதாரம் இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட்டும் அப்படியே. பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் போன்றவற்றில் செயின் கிடையாது, பெல்ட். அது அறுவதற்கு முன் சத்தம் போட்டு எச்சரிக்காது; அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் என்ஜின்கள் ஏராளம். சோதித்து அறிய முடியாததை, அறுந்தால் என்ஜினையே கொல்வதை, முன்கூட்டியே மாற்றுவது புத்திசாலித்தனம். சோதித்து அறியக்கூடிய சென்சாரையும் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் ஊகத்தில் மாற்றுவது வீண்.

ஆகவே வாங்கிய முதல் இரண்டு வாரம், இந்தப் பராமரிப்பைத் தவிர வேறு எதையும் மாற்றாமல் வண்டியைப் படியுங்கள். ஃபால்ட் கோடு இருந்தால் அழிக்காதீர்கள்; கோளாறு பதிவான நேரத்தில் என்ஜின் சூடு, வேகம், ஆர்பிஎம் எவ்வளவு என்பதும் அதனோடு சேமிக்கப்பட்டிருக்கும், அழித்தால் அதுவும் போகும். விற்றவர் முந்தின நாளே அழித்துக் கொடுத்திருந்தால் அதுவும் தெரியும்: கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டும். போனோடு இணையும் சிறிய ஓபிடி கருவி இதற்குப் போதும். ஆயில் கசிந்தால் உடனே வாட்டர் வாஷுக்கு விடாமல், மேலிருந்து கீழாகக் கசிவின் தொடக்கத்தைத் தேடுங்கள். சத்தம் வந்தால் எப்போது வருகிறது என்று எழுதிவையுங்கள்: குளிர்ந்தபோதா சூட்டிலா, வேகத்தடையிலா திருப்பத்திலா, வேகத்தோடு கூடுகிறதா ஆர்பிஎம்மோடு கூடுகிறதா. வேகத்தோடு கூடும் ஊங்காரம் வீல் பேரிங் பக்கம் கை காட்டும். வேகத்தடையில் மட்டும் 'டக் டக்' என்றால் லிங்க் ராடு, புஷ் பக்கம். இப்படி எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால் நல்ல மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது. ரிப்பேர் தொடங்கினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிக் கோளாறு போனால், எது தவறு என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இதற்கெல்லாம் மெக்கானிக்குகள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எளிது, அநியாயமும்கூட. இரண்டு மணி நேரம் தேடி ஒரு ஹோஸைக் கண்டுபிடித்த மெக்கானிக்கிடம் நாம் என்ன சொல்கிறோம்? "ஒரு ஹோஸ் மாத்துறதுக்கு ஆயிரம் ரூபாயா?" பல ஆயிரம் ரூபாய் சென்சாருக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறவர், அந்தச் சென்சார் தேவையில்லை என்று கண்டுபிடித்தவரின் கூலியை மறுக்கிறார். கையில் பிடிக்க முடிகிற பாகத்துக்குத்தான் காசு, அறிவுக்குக் கிடையாது என்று ஆக்கிவிட்டால், தேடத் தெரிந்த மெக்கானிக்கும் நாளடைவில் பாகம் விற்கத்தான் செய்வார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனிக்கூலி என்று நாமே முன்வந்து பேசி, அதைக் கொடுக்கும் நாளில் இந்த நிலைமை மாறத் தொடங்கும். "பார்த்துச் சொல்லுங்க, மாத்தினாலும் மாத்தாட்டியும் பார்த்ததுக்கு இவ்வளவு தர்றேன்" என்ற ஒரு வாக்கியம், சென்னை புதுப்பேட்டையில் பாகத்துக்குப் பேசும் எந்தப் பேரத்தைவிடவும் அதிகம் மிச்சம் பிடிக்கும்.

தொடவே கூடாத கார்கள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விபத்தில் சேசிஸ் வளைந்தது, வெள்ளத்தில் மூழ்கியது, ஹீட்டாகி ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலும் கூலன்ட்டும் கலந்தது, அடிப்பக்கம் துருப்பிடித்து அரித்தது, ஆயிலே மாற்றாமல் ஓட்டிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இவற்றை விட்டு விலகுங்கள். ஆனால் கவனியுங்கள், இந்தப் பட்டியலில் ஒன்றுகூட மீட்டரைப் பார்த்துத் தெரிவதில்லை. எல்லாமே குனிந்து, நிமிர்ந்து, திறந்து, தொட்டுப் பார்த்துத் தெரிபவை. லட்சம் என்ற எண்ணை நம்புகிறவர் அந்தக் குனிந்து பார்க்கும் வேலையை விட்டுவிடுகிறார். எண் தன்னைக் காப்பாற்றும் என்று நினைக்கிறார். அது யாரையும் காப்பாற்றியதில்லை.

கணக்கு எளிது. லட்சம் தாண்டிய கார் சந்தையில் கணிசமாக விலை குறைந்து கிடைக்கிறது. குறைந்த அந்தத் தொகையில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துவைத்து, முதலில் பராமரிப்புக்கும், அடுத்துக் கோளாறு கண்டறியும் கூலிக்கும், கடைசியாக மட்டும் பாகங்களுக்கும் என்று அந்த வரிசையில் செலவு செய்கிறவருக்கு அந்தக் கார் இன்னொரு லட்சம் ஓடும். ஆறேழு லட்சம் கடன் வாங்கிப் புதுக்கார் எடுக்க முடியாத, மழையில் நனையாமல் பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் கூட்டிப்போக வேண்டிய குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அவர்களைப் பயமுறுத்தி விரட்டுவது நல்லெண்ணம் ஆகாது.

அடுத்த முறை யாராவது "லட்சம் தாண்டிடுச்சு, எல்லாம் போயிருக்கும்" என்றால் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாகம் போயிருக்கிறது? எந்தச் சோதனையில் தெரிந்தது? எவ்வளவு காட்டியது? மூன்றுக்கும் பதில் சொல்கிறவர் சொல்வதைக் கேளுங்கள், அவருக்குரிய கூலியையும் கொடுங்கள். பதில் இல்லாதவரின் ஆலோசனைக்காக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.